அக்காவுக்கு எந்தக் கிழமை

துபாய்
5.7.1996, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி பிரின்ஸ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் நல்ல சுகம். உன் சுகத்தையும் உன் முழங்கால் வலியையும் தையல் மிஷினையும் சேர்த்தே விசாரிக்கிறேன்.

வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. கட்டடத்துக்குள் ஏசி குழாய் மாட்டும் வேலை. கேம்ப்பில் ஒரு அறைக்கு ஆறு பேர். அதில் இரண்டு பேர் நம் பக்கத்து ஆட்கள். பேகம்பூர் அப்துல் சுக்கூர் அண்ணனும் ஒட்டன்சத்திரம் மணிமாறனும். மணிமாறன் எதற்கெடுத்தாலும் "ஏனுங்க, ஏனுங்க" என்பதால் அவனிடம் சண்டை போடக்கூட முடியவில்லை.

எல்லாம் பழகிவிடும் போலிருக்கிறது அக்கா, கிழமை மட்டும் பழகவில்லை. இங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் செவ்வாய்க்கிழமை மாதிரி, ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை. விடியும் முன்னே பஸ் வந்து நின்று ஆரன் அடிக்கிறது. கோயில் இருக்கிறது, ஆனால் நமக்குப் பூசையும் வெள்ளிக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை வாசகத்தை வெள்ளிக்கிழமையே வாசித்துவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி தொடக்கூடாது என்று நீ வளர்த்த பிள்ளை நான். இங்கே கறி ஆக்குவதே அன்றைக்குத்தான். போன வாரம் நான் பருப்பை மட்டும் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுக்கூர் அண்ணன் பார்த்துவிட்டு, "ஏலே, வாரத்துல ஒரு நாளுதான் உக்காந்து திங்கிறோம். ஒன் சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன், தின்னு" என்றார். தின்றுவிட்டேன். நீ திட்டலாம்.

நான் சும்மா இருக்கிற அன்றைக்கு நீ மிஷினில் குனிந்துகொண்டிருப்பாய். நீ சும்மா இருக்கிற அன்றைக்கு நான் சாரத்தில் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டு வந்து நாம் இரண்டு பேரும் கறிச்சோறு சாப்பிடுவோமே, அது இனி எந்தக் கிழமை? சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு உன் தம்பி,
பிரின்ஸ்


திண்டுக்கல்
22.7.1996

அன்பு அப்புவுக்கு அக்கா அல்போன்சாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் சுகம், முழங்காலும் சுகம், மிஷின்தான் எண்ணெய் கேட்கிறது.

பெரிய ஆள் மாதிரி மீசை வைத்துக்கொண்டு ஏரோப்பிளேன் ஏறினாய். இருபத்தாறு வயதில் கறிக்கு அழுகிறாயே, வெட்கமாக இல்லையா? கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. இங்கேயும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ எடுத்தாலும் ஒருத்தி தின்ன முடிகிறதா? திங்கட்கிழமையும் அதையே சுட வைத்துத் தின்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பூசையில் உன்னை விசாரிக்காத ஆள் இல்லை. ஆர்மோனியம் வாசிப்பாரே டிராயிங் வாத்தியார் ஞானதாஸ் சார், சம்சாரம் தவறி மூன்று வருடமாகப் பெண்பிள்ளையைத் தனியாக வளர்க்கிறாரே, அவர்கூட, "தம்பி போனதுலருந்து ஒங்க கொரல் ஒரு கட்டை எறங்கிருச்சே டீச்சர்" என்றார். நான் தையல்காரிதான், டீச்சர் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு நான் டீச்சர்தான்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். என் கடைக்கு முதலாளியும் நானே, கூலிக்காரியும் நானே. இனிமேல் வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அன்றைக்கே கறி எடுக்கிறேன். அங்கே நீ ஒரு மணிக்கு உட்கார்ந்தால் இங்கே இரண்டரை. அதுவரை பொறுத்திருந்து நானும் உட்காருகிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்துவிட்டு வந்து தைப்பேன். எட்டு மணிப் பாட்டுப் பூசைக்கு நின்றால் அரை நாள் போய்விடும், அதனால் அதை விட்டுவிட வேண்டியதுதான். பங்குச்சாமியிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டால்தானே வேண்டாம் என்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்கு எண்ணெய் வை.

அக்கா,
அல்போன்சா


துபாய்
9.8.1996, வெள்ளி

என் அன்பு அக்காவுக்கு, தோத்திரம். நீயும் நம் தெரு ஆட்களும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

இப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன். ஒரு மணி ஆனதும் தட்டைப் போட்டு, "எங்கக்கா ஒக்காந்திருச்சு" என்றேன். மணிமாறன், "ஏனுங்க, அக்கா என்ன வெஞ்சனம் வெச்சிருக்காங்க?" என்று கேட்டான். கறிக்குழம்பும் ரசமும் என்று அடித்துச் சொன்னேன். சரிதானே? முதல் தடவையாக இந்த ஊரில் வயிறு நிறைந்தது.

அக்கா, ஒரு வாரம்கூட விட்டுவிடாதே. நீ உட்கார்ந்திருக்கிறாய் என்ற நினைப்பில்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளுகிறேன். சுக்கூர் அண்ணன் உனக்கு சலாம் சொல்லச் சொன்னார்.

உன் பிரின்ஸ்


திண்டுக்கல்
30.8.1996, வெள்ளி

அப்புவுக்கு, நலம். நீயும் நலம்தானே? இருமல் என்று எழுதாமல் விட்டுவிட்டாய், ஆனால் பக்கத்து வீட்டுப் பொன்னழகு அண்ணனுக்கு எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாமல் இந்தத் தெருவில் தபால் வருமா?

உன் வெள்ளிக்கிழமையால் நான் படுகிற பாடு கொஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்றுதான் எல்லாரும் புதுத்துணி தைக்கக் கொடுப்பார்கள். சித்தையன்கோட்டை மூக்காயி கலியாண ஜாக்கெட் துணியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸேறி வந்தாள். கதவு சாத்தியிருந்ததும் தெருவே கேட்கக் கத்தினாள். "இந்த அல்போன்சாளுக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சா? வெள்ளியும் அதுவுமா வீட்டப் பூட்டிக்கிட்டு, ஞாயித்துக்கெழம தடதடன்னு மிஷினு ஓட்டுறா!" நான் வாயில் கறியோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன், மூச்சுக்கூட விடவில்லை.

அவள் போய் மாதா கோயில் வாசலிலும் சொல்லியிருப்பாள் போல. பங்குச்சாமி கூப்பிட்டுவிட்டார். ஞாயிறு வேலை, வெள்ளி மாமிசம், இரண்டையும் எதிரே வைத்துக் கேட்டார். தம்பிக்காக என்றேன். "தம்பிக்காகப் பட்டினி கெடப்பாங்க, கேட்ருக்கேன். தம்பிக்காகக் கறி திங்கிறவள இப்பத்தான் பாக்கேன்" என்றார். போகச் சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் உட்கார்ந்தேன். குழம்பில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. எட்டு மணிப் பூசைப் பாட்டு ஜன்னல் வழியாக வீடு வரைக்கும் கேட்கிறது என்பது இப்போதுதான் எனக்குத் தெரியும். நன்றாகத்தான் பாடுகிறார்கள்.

மருந்து வாங்கிக் குடி.

அக்கா


துபாய்
20.9.1996

அன்பு அக்காவுக்கு, இருமல் நின்றுவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

நீ எழுதினதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அறையே உருண்டு சிரித்தது. மூக்காயிக்கு இங்கே பெரிய பேர். வேலை கடுமைதான், இரவு ஷிப்ட்டும் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் யார் கூப்பிட்டாலும் ஓவர்டைம் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கக்கா காத்திருக்கும் என்றேன். ஃபோர்மேன் ஒரு மாதிரி பார்த்தான்.

பிரின்ஸ்


திண்டுக்கல்
14.10.1996

அப்புவுக்கு அக்காவின் ஆசீர்வாதம். நலம். அங்கே வெயில் தணிந்ததா?

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. அறையில் சத்தமாக வாசிக்காதே.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஞானதாஸ் சார், கூட அவர் மகள் அனிஷா. பிள்ளையின் பள்ளிக்கூடப் பாவாடை ஓரம் பிரிந்துவிட்டதாம். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. அந்தச் சின்னது மூக்கை உறிஞ்சிவிட்டு, "அப்பா, வெள்ளிக்கெழம கறி!" என்று கூவிவிட்டது. என் மானமே போய்விட்டது. அவரோ ஒருசந்தி நோன்பு, சுத்தபோசனம் எதுவும் தவறாத மனுஷன். உன் கதையை எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "தம்பிக்கு வெள்ளிக்கெழம. சரிதான். ஒங்களுக்கு எந்தக் கெழம டீச்சர்?" என்று கேட்டார்.

பாவாடையை வாங்கி ஓரம் அடித்துக் கொடுத்தேன். நூல் இரண்டு தரம் அறுந்தது. பிள்ளை வாசலில் ஆட்டுக்குட்டியோடு விளையாடப் போனதும், என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டுவிட்டார். நேரடியாகத்தான் கேட்டார், சுற்றி வளைக்கவில்லை. "தம்பிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். "கேளுங்க, காத்திருக்கேன்" என்றார்.

அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்? எனக்கு மனம் இருக்கிறதா என்று நீ கேட்பாய். இருக்கிறது. எழுதும்போதே முகம் சுடுகிறது, நாற்பது வயதில். சீக்கிரம் பதில் எழுது அப்பு.

அக்கா


துபாய்
8.11.1996, வெள்ளி

அன்பு அக்காவுக்கு, நான் சுகம். உன் சுகத்துக்கு வேண்டுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. வேலை தலைக்கு மேல் இருந்ததால் பதில் தாமதம். புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள், லிப்ட் இன்னும் வரவில்லை, குழாயைத் தோளில் வைத்தே ஏற வேண்டியிருக்கிறது. மணிமாறனுக்குக் கால் சுளுக்கு. சுக்கூர் அண்ணன் டிசம்பரில் லீவில் ஊருக்கு வாரார். அவர் இல்லாமல் வெள்ளிக்கிழமை யார் ஆக்கிப் போடுவார்கள் என்று தெரியவில்லை. நீ எப்படிக் குழம்பு வைப்பாய் என்று விவரமாக எழுதி அனுப்பு. மல்லியை முதலில் வறுக்க வேண்டுமா, மிளகாயையா?

குளிர் தொடங்கிவிட்டது. கம்பளி கொடுத்தார்கள்.

வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டிக் கேட்டால் கொடுத்துவிடு, நான் அனுப்புகிறேன். அந்த வீட்டை மட்டும் விட்டுவிடாதே. முன் அறையில் என் கட்டில் அப்படியே கிடக்கிறதா? படுக்கும்போதெல்லாம் அந்த அறைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

உன் பிரின்ஸ்


திண்டுக்கல்
28.11.1996

அப்புவுக்கு, நலம்.

முதலில் மல்லி. கட்டில் அப்படியே கிடக்கிறது.

நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஒரு தாள் உள்ளேயே ஒட்டிக்கொண்டதோ என்று உறையைக் கிழித்து விரித்துப் பார்த்தேன். ஞானதாஸ் சார் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. தெருவில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். டிசம்பர் பூராவும் திருவருகைக் காலம், கலியாணம் கிடையாது. கிறிஸ்துமஸ் கழிந்தால் பிப்ரவரியில் நாற்பது நாள் தபசு வந்துவிடும், அப்புறம் பாஸ்காப் பெருநாள்வரைக்கும் பேச்சே இல்லை. நடுவில் இருப்பது கொஞ்ச நாள்தான்.

ஆம் என்றால் ஆம் என்று எழுது, இல்லை என்றால் இல்லை என்று எழுது. கட்டிலைப் பற்றி எழுதாதே.

அல்போன்சா


துபாய்
27.12.1996, வெள்ளி

அன்பு அக்காவுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள். நலமா?

கிறிஸ்துமஸ் புதன்கிழமை வந்தது. எனக்கு வேலை நாள். பதினோராவது மாடியில் குழாய்க்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். பாலன் பிறந்தது அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மணிமாறன் கேக் வாங்கி வந்தான், பாவம், நொண்டிக்கொண்டே போய் வாங்கியிருக்கிறான்.

சார் விஷயம். அவர் நல்லவர்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை இருக்கிற வீடு. இந்த வயதில் உனக்கு அந்தப் பாடு எதற்கு? ஊரும் என்னென்னவோ பேசும். எனக்கு 98 ஜூனில் லீவு. இன்னும் ஒன்றரை வருஷம்தானே, நான் வந்ததும் நேரில் பேசி முடிவு செய்யலாம். அதுவரை எதுவும் சொல்லிவிடாதே.

வெள்ளிக்கிழமையை மட்டும் விட்டுவிடாதே அக்கா. சுக்கூர் அண்ணன் இல்லாததால் நான்தான் இப்போது ஆக்குகிறேன். நீ எழுதினபடி மல்லியை முதலில் வறுத்தேன், கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

உன் தம்பி,
பிரின்ஸ்


திண்டுக்கல்
20.1.1997, திங்கள்

பிரின்ஸுக்கு அக்கா எழுதுவது. சுகம். நீயும் சுகமாக இரு.

இந்த வயதில் என்று எழுதியிருக்கிறாய். அம்மா போனபோது எனக்கு இருபத்தாறு, இப்போது உனக்கு இருக்கிற அதே வயது. உனக்குப் பன்னிரண்டு. உன்னை வளர்த்ததை நான் சொல்லிக்காட்ட மாட்டேன், எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வயது எனக்கு எப்படி வந்தது என்று ஊரார் கேட்கலாம், நீ கேட்கலாமா? எரிச்சலில் அன்றைக்குச் சோறே ஆக்கவில்லை.

உன் கடிதம் நாலாம் தேதி சனிக்கிழமை வந்தது. மறுநாள் முதல் பூசைக்கு எழுந்திருக்கவில்லை. எட்டு மணிப் பூசைக்குப் போனேன். பூசை முடிந்து அவர் ஆர்மோனியப் பெட்டியை மூடும்வரைக்கும் நின்றேன். "சார், நீங்க கேட்டதுக்கு எனக்குச் சம்மதம்" என்றேன். "தம்பி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். "தம்பி வெள்ளிக்கெழமயப் பத்தி எழுதியிருக்கான்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

நேற்று எங்கள் கலியாணத்துக்கு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சாமி வாசித்தபோது உன் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. கோயிலில் யாரும் வாய் திறக்கவில்லை. மூக்காயி கிறிஸ்தவள் இல்லை, இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி ஐந்து, புதன்கிழமை, கலியாணம். உனக்கும் வேலை நாள், எனக்கும் வேலை நாள். வீட்டை இந்த மாதக் கடைசியோடு விடுகிறேன். உன் கட்டில் சார் வீட்டு மச்சுக்கு வருகிறது. நீ வரமுடியாது என்று தெரியும். வா என்று எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

வா.

அக்கா


துபாய்
31.1.1997, வெள்ளி

அக்கா,

நேற்றுதான் உன் கடிதம் வந்தது. ஃபோர்மேனிடம் கெஞ்சிப் பார்த்தேன். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பாஸ்போர்ட் அவர்கள் கையில், லீவு இல்லை என்றான். ராத்திரி பொன்னழகு அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். நீ ஓடி வந்தது எனக்கே கேட்டது, செருப்புச் சத்தம். சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். உன் குரலைக் கேட்டதும் "சாப்டியா?" என்றுதான் வாயில் வந்தது. நீ "சாப்ட்டேன், நீயி?" என்றாய். அதற்குள் காசு தீர்ந்துவிட்டது.

போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். அக்டோபரில் வந்த கடிதத்தை நான் படிக்காமல் இல்லை. பாத்ரூமில் போய் நின்று நாலு தரம் படித்தேன். எனக்குப் பயம் அக்கா. நீ போய்விட்டால் திண்டுக்கல்லில் எனக்கு வீடு எது? பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புவேன்? இங்கே எனக்கென்று இருந்தது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான், அதில் பங்கு கேட்டு ஒருத்தர் வந்துவிட்டார் என்று சாரின் மேல் கோபம் வந்தது. பிள்ளை, ஊர்ப்பேச்சு எல்லாம் நான் கூட்டிச் சொன்னது.

எனக்குச் சம்மதம். முழுச் சம்மதம். இது உன் கையில் கிடைக்கும்போது கலியாணம் முடிந்திருக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சாருக்கு, மச்சானுக்கு, என் தோத்திரம். அனிஷாவுக்கு முத்தம்.

இன்றைக்குக் கறி ஆக்கவில்லை. மணிமாறன் என்ன ஏது என்று கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

பிரின்ஸ்


திண்டுக்கல்
17.2.1997

என் அப்புவுக்கு அக்காவும் உன் மச்சானும் எழுதுவது. எல்லாரும் சுகம். அனிஷாவுக்குப் பல் விழுந்திருக்கிறது.

உன் கடிதம் கலியாணம் முடிந்த ஆறாம் நாள் வந்தது. பழைய வீட்டு விலாசத்துக்குப் போய், பொன்னழகு அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். படித்து அழுதேன். சாரிடமும் படித்துக் காட்டினேன், நீ கோபித்துக்கொள்ளாதே. "பஸ் ஸ்டாண்டுல எறங்குனா நான் நிப்பேன்னு எழுதுங்க" என்றார்.

கலியாணம் நன்றாக நடந்தது. என் ஜாக்கெட்டை நானே தைத்தேன். உன் இடத்தில் பொன்னழகு அண்ணன் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனார். வாசலில் கால் வைக்கும்போது திரும்பிப் பார்த்தேன். நம் வீட்டு ஆள் என்று ஒருத்தர்கூட இல்லை. அம்புட்டுக் கூட்டத்திலும் நான் ஒத்தையாக நின்ற மாதிரி இருந்தது. அதை நான் மறக்க எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியவில்லை. ஆனால் நீ பயந்ததும் பொய் இல்லை, உன்னைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

இனி உன்னிடம் மறைக்கக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது. நானும் ஆக்கச் சொல்லவில்லை. கலியாணத்துக்கு அடுத்த ஞாயிறு, தபசுக்கு முந்தின கடைசிக் கறி. பாட்டுப் பூசையில் பாடிவிட்டு வந்து குழம்பு வைத்தேன். "ஒறைக்குது, ஒறைக்குது" என்று தண்ணீரைக் குடித்துக் குடித்து அனிஷா தின்றது. சார் தன் தட்டிலிருந்த நல்லியைத் தட்டி என் தட்டில் வைத்தார், எனக்கு இதுவரை யாரும் அப்படி வைத்ததில்லை. மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பேசிச் சிரித்தோம். அப்பு, கை கழுவும்போதுதான் உன் ஞாபகம் வந்தது.

வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. உனக்கு இது வலிக்கும். வேறு யார் சொல்லியோ தெரிவதைவிட நானே சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை இனிமேல் நான் இல்லை. நீ உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடு.

உன் அக்கா,
அல்போன்சா ஞானதாஸ்